இன் டைமா, ஆன் டைமா

மாப்ள,

இன்று காலை கடைசி பஸ் கல்லூரி வளாகத்துக்குள் நுழைந்தபோது, பிரேக் கருகிய நாற்றம் என் அறைவரை வந்தது. நீயும் நானும் வருடக்கணக்கில் மூச்சாக இழுத்த நாற்றம். டிரைவர் இறங்கி வந்து, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "ரன்னிங் லேட் சார். அதான் கொஞ்சம் மிதிச்சுட்டேன்" என்றான். அந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் எனக்கு உன் குரலில்தான் கேட்டன. திட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். நீ இருந்திருந்தால், "யோவ் பி.ஏ., ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டியே" என்று சிரித்திருப்பாய். மூன்று பேப்பர் அரியர் வைத்த இங்கிலீஷ் பி.ஏ.வை, பெயர் சொல்லாமல் பட்டம் சொல்லியே கூப்பிட்டவன் நீ ஒருவன்தான்.

உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடம் எட்டு வருடமாக இருக்கிறது. ஊருக்குச் சொல்லிவிட்டேன், கோர்ட்டில் சொல்லிவிட்டேன். உனக்குத்தான் சொல்லவில்லை. அதற்கு, நீ டிரைவராகவும் நான் கண்டக்டராகவும் இருந்த நம் நீல வண்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே நாம் ஓட்டியது பஸ் இல்லை, மாப்ள. இரண்டு நிமிடத்துக்காக நடந்த தினசரிச் சண்டை. நமக்கு ஆறு நிமிடம் முன்னால் போட்டிக் கம்பெனியின் பச்சை வண்டி கிளம்ப வேண்டும். அது தன் நேரத்தில் கிளம்பாது. ஸ்டேண்டில் நின்று நம் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, ரோட்டிலும் மாட்டுவண்டிபோல உருட்டிக்கொண்டே போகும். பேரளி வரும்போது நமக்கு நிறுத்தத்தில் ஒரு ஈ இருக்காது. அதன் கண்டக்டர் பழனிவேல் பின்படியில் தொங்கிக்கொண்டு நம்மைப் பார்த்து விசில் ஊதுவான். நீ ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்துவாய். அதற்குப் பிறகு முன்னால் சிமெண்ட் லாரி வந்தாலும் சுண்ணாம்புக்கல் லாரி வந்தாலும் உனக்குக் கண் தெரியாது.

ஒரு நாள் மருதையாற்றுப் பாலத்துக்கு முன்னால் பச்சை வண்டியை ஓரங்கட்டி முந்தினாயே, நினைவிருக்கிறதா? எதிரில் லாரி வந்ததும் நீ போட்ட பிரேக்கில், மூன்றாவது சீட்டில் இருந்த ஒரு அம்மா முன்கம்பியில் மோதி நெற்றி பிளந்துவிட்டது. ரத்தம் கண்ணை மூடி வழிந்தது. நான் என் துண்டைக் கிழித்துக் கட்டினேன். பெரம்பலூர் ஸ்டேண்டில் அவரை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நாம் செய்த முதல் காரியம் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான். "ரைட் டைம்" என்றாய் நீ. நான் சிரித்தேன். ஆட்டோவிலிருந்து அந்த அம்மா, ஒரு கண்ணால், நாம் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே போனார்.

அரியலூர் ஸ்டேண்டில் ஒரு தரம், பழனிவேலைப் படியிலிருந்து சட்டையோடு இழுத்து, அவன் முகத்தை அவன் வண்டித் தகரத்திலேயே இரண்டு முறை மோதினாய். முன்பல் ஒன்று உடைந்து கீழே விழுந்தது. நான் அவன் டிரைவரின் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தேன், உதவிக்கு வராதபடி. டைம் கீப்பர் விசில் ஊதி ஊதி ஓய்ந்து போனார். அன்று நமக்கு முதலாளி பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நன்றாகத்தான் சாப்பிட்டோம். அதை மறைத்து உன்னை நல்லவனாக எழுத எனக்கு விருப்பமில்லை. நீ அடிக்கிறவன். நான் அடிப்பதற்குப் பிடித்துக் கொடுக்கிறவன்.

அதற்குப் பிறகுதான் உனக்கு வளைகுடா ஆசை வந்தது. வாலிகண்டபுரத்தில் உன் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே நகரப் பேருந்து ஓட்டப் போய், வெள்ளைச் சட்டையும் டையுமாக ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். உன் மனைவி கலா அதைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இப்புடி ஒரு எடத்துக்குப் போயிருங்க. இங்க இருந்தா ஒண்ணு நீங்க எவனயாச்சும் கொன்னுருவீங்க, இல்லாட்டி உங்கள எவனாச்சும் கொன்னுருவான்" என்றாளாம். நீ அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய். நானும் சிரித்தேன்.

ஏஜெண்ட் உன்னிடம், "வண்டி ஓட்டுறதெல்லாம் அவனுங்களுக்குத் தெரியும். இன்டர்வியூல டைம் பத்தித்தான் இங்கிலீஷ்ல கேப்பானுங்க. அதப் படிச்சுட்டு வா" என்று சொல்லி அனுப்பினார். மறுநாளிலிருந்து மதியம் வண்டி நிற்கும் அரைமணி நேரம் நம் பள்ளிக்கூடம். வேப்பமர நிழலில் வண்டியை விட்டுவிட்டு, கடைசி சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, நீ தயிர்சோறு தின்றபடி படித்தாய்.

"லேட்டுன்னா லேட்டு. இதுல படிக்க என்னய்யா இருக்கு?"

"எவ்வளவு லேட்டுன்னு இருக்குல்ல மாப்ள? வந்துக்கிட்டே இருக்க, ஆனா நேரமாயிருச்சுன்னா ரன்னிங் லேட். அட்டவணைக்குப் பின்னால போயிட்டா பிஹைண்ட் ஷெட்யூல். முன்னால போயிட்டா அஹெட் ஆஃப் ஷெட்யூல்."

"முன்னால போனா நம்ம ஊருல அடிதான்."

"சரியா புள்ளி வெச்ச மாதிரி வந்தா ஆன் தி டாட்."

இதையெல்லாம் நீ பிடித்துக்கொண்டாய். உன்னை மடக்கியது ஆன் டைமும் இன் டைமும்தான். இரண்டும் ஒன்றுதானே என்று நாலு நாள் என்னோடு மல்லுக்கு நின்றாய்.

"பாரு. ஒம்பது மணி பஸ் ஒம்பது மணிக்கு வந்தா அது ஆன் டைம். ஒரு காரியம் கெட்டுப்போறதுக்கு முன்னாடி வந்துட்டா அது இன் டைம். இன் டைமுக்குக் கடிகாரம் வேணாம். இன்னும் கொஞ்சம் விட்டா முடிஞ்சு போயிருக்கும், அதுக்குள்ள வந்துட்ட. அவ்வளவுதான்."

நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தாய். "அப்ப ஆஸ்பத்திரிக்குப் போறது?"

"இன் டைம்."

"தாலி கட்டுறது?"

"அது ஆன் டைம். முகூர்த்தம் இருக்குல்ல?"

"எங்க கல்யாணத்துல அய்யரே ஒரு மணி நேரம் லேட்டு" என்று சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் புரையேறி, தயிர்சோறு முன்சீட்டு முதுகெல்லாம் தெறித்தது.

இங்கிலீஷ்காரனின் நேரத்துக்குள் இவ்வளவு அடிதடி இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. மணிக்குச் சரியாக என்பதற்கு அட் தி ஸ்ட்ரோக் என்பான். ஸ்ட்ரோக் என்றால் அடி. நேரத்தைப் போக்குவதற்குக் கில் பண்ணுவதாகச் சொல்வான். நேரத்தை முந்துவதற்குப் பீட் தி கிளாக் என்பான். டெட்லைன் என்ற வார்த்தை, தாண்டினால் சுட்டுவிடுவார்கள் என்று ஜெயிலில் போட்ட கோட்டிலிருந்து வந்ததாகக் கல்லூரியில் ஒரு வாத்தியார் சொல்லியிருந்தார். கடைசி நொடியில் வந்து சேர்வதற்கு இன் தி நிக் ஆஃப் டைம். நிக் என்றால் கத்தி போட்ட சின்னக் கீறல். நான் சொல்லச் சொல்ல நீ தொடையில் தட்டிக்கொண்டாய்.

"வெள்ளைக்காரனும் நம்ம ரூட்டுல கண்டக்டரா இருந்திருப்பான்டா."

திருச்சியில் நடந்த இன்டர்வியூவுக்கு என் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாய். உனக்கு அது தோளில் இறுக்கம். திரும்பி வந்தபோது உன் முகம் குழப்பமாக இருந்தது. தோற்றுவிட்டாய் என்றுதான் நினைத்தேன்.

"வண்டி லேட்டாயிருச்சுன்னா என்ன செய்வேன்னு கேட்டாரு. ஐ வில் பீட் தி கிளாக் சார்னு சொன்னேன். அவரு சிரிச்சுட்டாரு. நோ, டோண்ட் பீட் எனிதிங், ஜஸ்ட் டெல் அஸ்ங்கிறாரு. சொன்னா போதுமாம் பி.ஏ.! லேட்டுன்னு போன்ல சொன்னா போதுமாம். வேகமாக்கூட ஓட்ட வேணாமாம். ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டானாம்."

"அப்ப வேல?"

"கெடச்சுருச்சு" என்றாய், அது முக்கியமே இல்லாததுபோல. லேட் என்று சொன்னால் போதும் என்கிற ஒரு ஊர் இருப்பதுதான் உனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அன்றிலிருந்து நீ மாறிவிட்டாய். போலீஸிடமிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வர வேண்டும், ஒரு கேஸ் விழுந்தாலும் விசா போய்விடும் என்று ஏஜெண்ட் எச்சரித்திருந்தார். பச்சை வண்டி நம் நேரத்தில் நின்றாலும் நீ ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வண்டி காலியாகப் போனது. முதலாளி தினமும் போனில் என்னைத்தான் நாறடித்தார். பழனிவேலுக்கு நாக்கு நீண்டது. "என்னய்யா, உன் டிரைவரு புடவ கட்டிக்கிட்டாரா?" என்று ஸ்டேண்டில் அத்தனை பேர் முன்னால் கேட்பான். நீ காது கேட்காதவன் மாதிரி கண்ணாடியைத் துடைப்பாய். எனக்குத்தான் உள்ளே எரிந்தது. இப்போது உண்மையைச் சொல்கிறேன், மாப்ள. நீ போகப் போகிறாய் என்பதும் எனக்கு எரிந்தது. நான் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நீ போவாய். நான் இதே படியில் தொங்கிக்கொண்டு இவன் வாயைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீ விமானம் ஏற ஒன்பது நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் அரியலூர் ஸ்டேண்ட் நிரம்பி வழிந்தது. பச்சை வண்டி போக வேண்டிய நேரம் தாண்டி மூன்று நிமிடம் ஆகியும் நகரவில்லை. பழனிவேல், நம் வண்டியில் ஏறிவிட்ட ஒரு குடும்பத்தைக் கையைப் பிடித்து இறக்கித் தன் வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் உன்னைப் பார்த்தேன். "விடு பி.ஏ.," என்றாய். "ஒம்பது நாளு. விட்டுரு."

நான் விடவில்லை. இறங்கிப் பச்சை வண்டிக்கு அந்தப் பக்கம் போனேன். உன் சீட்டிலிருந்து அந்த இடம் தெரியாது. உன் கண்ணில் படக் கூடாது என்றுதான் அந்தப் பக்கமாகப் போனேன்.

பழனிவேல் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துப் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, மாப்ள. அவன் சிரிக்க மட்டும்தான் செய்தான். என் கையில் இருந்த டிக்கெட் மெஷினால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். புருவம் வாய் திறந்ததுபோல் பிளந்தது. மெஷின் இரண்டாக உடைந்தது. அவன் கையால் பொத்திக்கொண்டு குனிந்தான். குனிந்தவனின் பிடரியில் இன்னொன்று கொடுத்தேன். அந்த ஒரு நொடி எனக்கு இனித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அவன் டிரைவர் என் முடியைப் பிடித்து இழுத்தான். இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் இருந்த சந்தில் என்னைத் தள்ளினார்கள். பழனிவேல் முகமெல்லாம் ரத்தத்தோடு வந்து என் விலாவில் மிதித்தான். ஏதோ ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த மிதி காதில் விழுந்தது. கூட்டத்தில் பெண்கள் அலறினார்கள். நான் கத்தியது உன் பெயரை. அந்தச் சத்தம்தான் உன்னை எட்டியிருக்கிறது.

நீ ஓடி வந்தபோது நான் தரையில் சுருண்டு கிடந்தேன். பழனிவேல் வண்டிக்குள் இருந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். நீ அவனை அடிக்கவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். "வேணாம்டா பழனி. தப்பு எங்க மேலன்னாலும் வுட்டுரு. வேணாம்." அவ்வளவு மெதுவாக நீ பேசி நான் கேட்டதில்லை. ஸ்பேனர் உன் வலது காதுக்குப் பின்னால் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தமெல்லாம் இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடித்தது மாதிரி ஒரு சத்தம். நீ உட்கார்ந்தாய். பிறகு என் மேல் சாய்ந்தாய்.

அரியலூரில் கட்டுப் போட்டு, தஞ்சாவூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் உன் தலைமாட்டில் நான் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் காதிலிருந்து ரத்தம் மெல்லியதாக, நிற்காமல் வந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தாய். திருமானூர் தாண்டும்போது கண்ணைத் திறந்து என்னைத் தேடினாய்.

"அடி பலமா பி.ஏ.?"

"எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள. நீ பேசாத."

"நான் வந்தது…" நாக்கு குழறியது. "இன் டைமா, ஆன் டைமா?"

"இன் டைம்" என்றேன். "இன் டைம் மாப்ள."

உன் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரித்தாய் என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். "எவன்டா மொதல்ல கைய வெச்சான்?" என்று கேட்டாய்.

நான் உன் முகத்தைப் பார்த்து, "அவன்தான்" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். நீ வந்தது சரி என்று உனக்கு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். கொள்ளிடப் பாலத்தில் ஏறும்போது நீ இருந்தாய். இறங்கும்போது இல்லை.

அந்தப் பொய்யையே போலீஸிலும் சொன்னேன். காரணமே இல்லாமல் பழனிவேல் என்னை அடித்தான், தடுக்க வந்த உன்னைக் கொன்றான். ஸ்டேண்டில் அத்தனை பேர் இருந்தும் முதல் அடியைப் பார்த்தவர்கள் வெளியூர்க் கோயில் கூட்டம். ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. பழனிவேலும் அவன் டிரைவரும் சொன்னதை யாரும் நம்பவில்லை. கலா என் கையைப் பிடித்து அழுதாள். உன் இரண்டு பெண் குழந்தைகளிடமும், "மாமாவக் காப்பாத்தப் போய்த்தான் அப்பா செத்துப் போனாரு, அப்பா தப்பா யாரயும் அடிக்கல" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்கு உங்கள் வீட்டில் இலை போட்டாள். மூன்று வருடம் அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. பழனிவேல் கூண்டில் நின்றான். புருவத்தில் தழும்பு தடித்துக் கிடந்தது. அவன் வக்கீல் வயதானவர், சாட்சி சொல்ல நின்ற என்னிடம் அதட்டாமல் பேசினார்.

"உங்க டிக்கெட் மெஷின் ரெண்டா உடஞ்சு கெடந்துச்சு. எப்புடிங்க உடஞ்சுச்சு?"

கீழே விழுந்து உடைந்தது என்று சொல்லச் சொல்லித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன். கலா முதல் வரிசையில் இருந்தாள். எதிரில் பழனிவேலின் புருவம். அந்தப் பொய் இத்தனை நாள் என்னைத் தின்றதைவிட, இன்னொரு முறை அதைச் சொல்வது பெரிய வேலையாகத் தெரிந்தது.

"நான்தாங்க அவன் மூஞ்சியில அடிச்சேன். அதுலதான் உடஞ்சுச்சு."

"யாரு முதல்ல அடிச்சது?"

"நாந்தான்."

அரசு வக்கீல் பேனாவை மூடி மேசையில் வைத்தார். நீதிபதி இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னேன்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் கலா என்னை அடித்தாள். முதல் அடி கன்னத்தில். இரண்டாவது, வாயில். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. பிறகு கைப்பையால் தலையில், தோளில், எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். போலீஸ்காரர் தடுக்க வந்தபோது நான்தான் வேண்டாம் என்றேன்.

"மூணு வருசம்… எங்க வூட்டுல உக்காந்து சோறு தின்னியேடா! ஒன்னயக் காட்டி என் புள்ளைங்களுக்குச் சொன்னேனேடா! அன்னிக்கே சொல்றதுக்கு ஒனக்கு என்ன கேடு?"

அடித்துக் களைத்து, அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றோடு உன் வீட்டு வாசல் எனக்கு மூடியது. திட்டமிட்ட கொலை இல்லை, சண்டையின் ஆத்திரத்தில் நடந்தது என்று பழனிவேலுக்குத் தண்டனை குறைந்தது. முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பினார். முதலில் அடித்ததற்கு நான் கட்டியது அபராதம் மட்டும்தான். அது பத்தாது என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் பழனிவேல் வெளியே வந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கல்லூரி வாசலில் நின்று என்னைக் கேட்டிருக்கிறான். போனேன். எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். தலை நரைத்து, ஒடுங்கிப் போயிருந்தான். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"கோர்ட்டுல நீ சொன்னதாலதான் நான் இப்ப வெளிய இருக்கேன்."

"உனக்காகச் சொல்லல."

"தெரியும்." டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "நீ உண்மயச் சொல்லிட்ட. நான் இன்னும் சொல்லல. அதச் சொல்லத்தான் வந்தேன். ஸ்பேனர ஓங்கினப்ப ஆத்திரத்துல கண்ணு தெரியலன்னு கோர்ட்டுல சொன்னேன்ல? தெரிஞ்சுச்சு. அவரு மூஞ்சி தெரிஞ்சுச்சு. கைய விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு, அடிக்க வரலன்னு தெரிஞ்சுச்சு. நிறுத்திருக்கலாம். நிறுத்துறதுக்கு நேரம் இருந்துச்சுய்யா. எனக்கு ஒரு பல்லு ஞாபகம் வந்துச்சு. எறக்கிட்டேன்."

மாப்ள, கடை அடுப்பில் பால் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது, கை எட்டும் தூரத்தில். அதை எடுத்து அவன் முகத்தில் கவிழ்ப்பதை நான் முழுசாகப் பார்த்துவிட்டேன், தோல் உரிவதுவரை. அவனும் நான் பார்ப்பதைப் பார்த்தான். நகரவில்லை. அடிக்கட்டும் என்றுதான் வந்திருந்தான் போல. என் வலது கை மடியில் மூடிக்கொண்டது. மூடியபடியே எழுந்தேன். ரோட்டைக் கடந்து, வாலிகண்டபுரம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

இதை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாள்கூட.

கலா வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே விடவும் இல்லை, சாத்தவும் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, பழனிவேல் சொன்னதை, பல்லையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பல் உடைந்த அன்று, உதவிக்கு வரவிடாமல் அவன் டிரைவரின் கையை முறுக்கிப் பிடித்திருந்தது நான்தான் என்பதையும் சொன்னேன். ஆம்புலன்ஸில் நீ கேட்ட கடைசிக் கேள்வியையும், அதற்கு நான் சொன்ன பொய்யையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன்.

வெங்காயத்தால்தான் அவள் கண் கலங்கியது என்று சொல்ல முடியாது. நான் வரும்போதே அதை ஒதுக்கி வைத்துவிட்டாள்.

"எப்ப சொன்னான் இத?"

"இப்பத்தான். ஒரு மணி நேரம் இருக்கும். நேரா வரேன்."

"அவன அடிச்சியா?"

"இல்ல."

"கையக் காட்டு."

விரிக்க முயன்றேன். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் மூடியே இருந்திருக்கிறது. நகம் நாலும் உள்ளங்கையில் இறங்கி, ரத்தம் விரல் இடுக்கில் காய்ந்திருந்தது. கலா அதைப் பார்த்தாள். உன்னை அடித்தவனை அடிக்காத கை. உன்னைச் சாகக் கொடுத்ததும் அதே கைதான். இரண்டையும் அவள் நினைத்திருப்பாள்.

வாசல் குழாயைத் தலையால் காட்டினாள்.

"கழுவிட்டுப் போ."

கழுவினேன். நான் நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது, மாப்ள. முதல் அடி என்னுடையது. நீ வந்தது ஒரு அப்பாவியைக் காப்பாற்ற அல்ல. தெரிந்திருந்தாலும் வந்திருப்பாய் என்று சில நாள் நம்புகிறேன். சில நாள் நம்ப முடியவில்லை.

அந்த நாலு கீறலும் ஒரு வாரத்தில் ஆறிவிட்டன. கைதான் இன்னும் மூடப் பார்க்கிறது. பஸ்கள் வரிசையாக உள்ளே வரும்போது, டிரைவர்கள் குரல் உயரும்போது, சும்மா தனியாக உட்கார்ந்திருக்கும்போதுகூட, அதுவாகவே மூடிக்கொள்கிறது. கவனித்த உடனே ஒவ்வொரு விரலாகப் பிரித்து, மேசைமேல் விரித்து வைக்கிறேன்.